இல்லாத டேப்பு

இல்லக்கா, பை மடியிலேயே இருக்கட்டும். ஆடுத பஸ்ஸுல மேல வைக்க வேண்டாம். கனம் ஒண்ணும் கிடையாது, உள்ள ஒரே ஒரு சிடிதான். வளைஞ்சிரக் கூடாது, கீறல் விழுந்துரக் கூடாது, அதான் துண்டுல சுத்தி வச்சிருக்கேன். சினிமா சிடியா? ஐயோ, இல்ல. ஸ்கேன் சிடி. எனக்கு இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். கோவில்பட்டியில ஒரு அம்மாவோடது. வாங்கிட்டுத் திருநெல்வேலிக்குப் போறேன்.

எங்க வீட்டுக்காரரு இப்ப பாக்க உத்தியோகம் இதுதான்க்கா. வீடு வீடா ஏறி எறங்கி ஸ்கேன் சிடி கேக்கது. பழைய பேப்பர்க்காரன் கூட தெருவுல நின்னு கூப்பிடுவான், இவிய வாசப்படி ஏறிப் போய் கையைக் கட்டிட்டு நின்னு கேக்காவ. எம்.சி.ஏ. படிச்ச மனுசன். பாளையங்கோட்டையில பெரிய ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், அங்க கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கே தலைமை. இருந்தாவ. இப்ப இல்ல.

சொல்லவே வெக்கமா இருக்கு. ஆனா நீங்க யாரோ, நான் யாரோ. உங்ககிட்ட சொல்லலாம். எங்க தெருவுல ஒருத்திகிட்டயும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதும் இல்ல, எல்லாருக்கும் தெரியும்.

என்னன்னா, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருக்கதை எல்லாம் தினமும் இன்னொரு காப்பி எடுத்து வைக்கணும். மிஷினு கெட்டுப்போனாலும் காப்பி இருக்கும்லா, அதுக்குத்தான். முன்னால டேப்புல எடுத்தாவ. பாட்டு கேசட்டு உண்டுல்லா, அதைவிடத் தடியா, கறுப்பா இருக்கும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய் பழசைக் கழத்திப் புதுசை மாட்டி, கழத்துனதைப் பெட்டியில வச்சு இன்னொரு கட்டடத்துல பூட்டிட்டு வருவாவ. கல்யாண வீடா இருந்தாலும் சரி, பாதி இலையில எழுந்திரிச்சுப் போவாவ. நான் பேசாத பேச்சு இல்ல.

அப்புறம் ஒரு மிஷினு வந்துச்சு. வர்ச்சுவல் டேப் லைப்ரரின்னு பேரு. அவிய சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். லைப்ரரின்னா புஸ்தகம் கிடையாது. டேப்பும் கிடையாது, அதான் கூத்து. உள்ள இருக்கது எல்லாம் டிஸ்க்கு. ஆனா காப்பி எடுக்க சாஃப்ட்வேருக்குப் பழைய பழக்கம், டேப்பு இருந்தாத்தான் எழுதும். அதனால இந்த மிஷினு ‘நான் டேப்புதான், நான் டேப்புதான்’னு நடிக்கும். இந்த டேப்பை மாட்டிட்டேன், அந்த டேப்பைக் கழத்திட்டேன், இதை அலமாரியில வச்சிட்டேன்னு சொல்லும். சாஃப்ட்வேரும் நம்பி எழுதும். ஒவ்வொரு டேப்புக்கும் நம்பர் போட்ட ஸ்டிக்கர் கூட உண்டாம். இல்லாத டேப்புக்கு இல்லாத ஸ்டிக்கர்.

நான் சிரிச்சேன். “என்ன சிரிக்கே? இனிமே ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல இருப்பேன்”னாவ. அதுக்கப்புறம் நான் சிரிக்கல.

அந்த மிஷினை மாட்டி முடிக்க வரைக்கும் மனுசன் நேரத்துக்கு வீட்டுக்கு வரல. ஷர்மிளா பானுன்னு ஒரு பொண்ணு, மேலப்பாளையத்துக்காரி, அவியகூட வேலை பாத்தா. நல்ல சூட்டிகையான பொண்ணு. ரெண்டு பேருமா உக்காந்து, எந்த கம்ப்யூட்டர்ல இருந்து எந்த டேப்புக்குப் போகணும், எந்த டேப்பை எத்தனை நாளைக்கு அழிக்காம வச்சிருக்கணும்னு ஒவ்வொண்ணா அதுக்குச் சொல்லிக் குடுத்தாவ. வீட்டுல வந்து எங்கிட்ட மிஷினுக்குள்ள ரோபோ கை எப்படிப் போய் டேப்பை எடுக்கும்னு கையை நீட்டிக் காட்டுவாவ. “ரோபோ இருக்கா?”ன்னு கேட்டா, “அதுவும் கிடையாது, இருக்க மாதிரி”ன்னுவாவ.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல நல்ல காலம்தான்க்கா. காலையில காப்பி குடிச்சிட்டே போனைப் பாப்பாவ. ராத்திரி எடுத்த காப்பி எல்லாம் ஒழுங்கா எடுத்தாச்சுன்னா பச்சையா டிக் வரும். மேல இருந்து கீழ வரைக்கும் பச்சையா இருக்கும். “எல்லாம் பச்சை”ன்னு சொல்லிட்டு டம்ளரைக் கீழ வைப்பாவ. நானும் கேப்பேன், “இன்னைக்குப் பச்சையா?” “பச்சை.” ஞாயித்துக்கிழமை குத்தாலம் போனோம், திருச்செந்தூர் போனோம். எங்க தங்கச்சிகிட்ட நான் சொல்லுவேன், எங்க வீட்டுக்காரரு வேலையை இப்ப மிஷினே பாக்குதுட்டின்னு.

ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும், எதையோ திருப்பி எடுத்துப் பாக்கணும்னு கெளம்புனாவ. எடுத்து வச்ச காப்பியில இருந்து பழைய படத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியுதான்னு ஒரு தடவை செஞ்சு பாக்கணுமாம். அன்னைக்குத்தான் எங்க தங்கச்சி வீட்டுப் பால் காய்ப்பு. “பச்சையாத்தானே இருக்கு, அதுக்கு மேல என்னத்தைப் பாக்கணும்”னு நான் சட்டையைப் பிடுங்கி வச்சிட்டேன். வந்தாவ. நல்ல சாப்பாடு அன்னைக்கு, தங்கச்சி மாப்பிள்ளை நல்லாக் கவனிச்சாரு. அப்புறம் அவியளும் அதைப் பத்திப் பேசல.

அது கெடக்கு, விசயத்துக்கு வாரேன்.

ஆனி மாசம் ஸ்கேன் படம் எல்லாம் இருக்க கம்ப்யூட்டர் ரூம்ல ஏசி நின்னு போச்சு. யாரும் கவனிக்கல. சூட்டுல டிஸ்க்கு ஒண்ணு பின்னால ஒண்ணா போயிட்டு. எனக்குப் போன் போட்டு, “வர லேட்டாகும், ஆனா பயம் இல்ல, காப்பி இருக்குல்லா”ன்னு சொன்னாவ. சிரிச்சிட்டேதான் சொன்னாவ. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

மறுநாள் மத்தியானம் வந்தாவ. செருப்பைக் கூட கழத்தல. அப்படியே அடுப்படி வரைக்கும் வந்து நின்னு, “இல்லட்டி”ன்னாவ. என்ன இல்லன்னேன். “பழைய படம் ஒண்ணும் இல்ல.”

எனக்கு விளங்குன மாதிரி சொல்லுதேன். முதல் தடவை எல்லாப் படத்தையும் மொத்தமா காப்பி எடுத்திருக்காவ. அதுக்கப்புறம் தினமும் அன்னன்னைக்கு வந்த புதுப் படம் மட்டும். இடையில மிஷினுல இடம் பத்தல. அப்ப, டேப்பை அழிக்காம வச்சிருக்க நாளைக் கொறைச்சிருக்காவ. நாள் முடிஞ்ச டேப்பை மிஷினு காலி டேப்புன்னு எடுத்துக்கிடும், அது மேலயே புதுசை எழுதிரும். மொத்தக் காப்பி இருந்த டேப்புக்கும் நாள் முடிஞ்சிருக்கு. அது மேல எழுதிட்டு. எழுதுனது ஒழுங்காத்தான் எழுதிருக்கு, அதான் தினமும் பச்சை. எது மேல எழுதுதுன்னு யாரும் பாக்கல.

படம் போனா என்னன்னு நானும் அப்ப கேட்டேன்க்கா. திருப்பி ஸ்கேன் எடுத்தாப் போச்சுன்னு நெனச்சேன். அப்படி இல்லையாம். கட்டி கரையுதா, வளருதான்னு பாக்கணும்னா பழைய படத்தைப் பக்கத்துல வச்சுப் பாக்கணுமாம். புதுப் படம் எத்தனை எடுத்தாலும், போன வருசம் கட்டி எவ்வளவு இருந்துச்சுன்னு அது சொல்லாதுல்லா. வைத்தியம் பாக்க டாக்டருக்குக் கண்ணைக் கட்டுன மாதிரி.

சரி, நடந்தது நடந்து போச்சு. எந்த ஆபீஸ்ல நடக்கல? நான் வெக்கப்படுதது அதுக்கு இல்ல. அதுக்கப்புறம் இவிய செஞ்ச காரியத்துக்கு.

மீட்டிங் போட்டிருக்காவ. பெரிய டாக்டரு, மேனேஜ்மெண்டு ஆளுக, எல்லாரும். எங்க தங்கச்சி மாப்பிள்ளை கோமதிநாயகம் அங்கதான் அக்கவுண்ட்ஸ்ல இருக்காரு, அவரும் ஒரு ஓரமா உக்காந்திருக்காரு. அவரு சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். டேப்பு வச்சிருக்க நாளைக் கொறைச்சது யாருன்னு கம்ப்யூட்டர்ல பாத்தா, ஷர்மிளா பானு பேரு இருக்கு. அந்தப் பொண்ணு அதுக்குள்ள வேலையை விட்டுட்டு பெங்களூர் போயிட்டா. அங்க நல்ல வேலை. அவ பேரு இங்க கெட்டா அவளுக்கு என்ன தெரியவா போகுது? பெரிய டாக்டரே எடுத்துக் குடுக்காரு. “அந்தப் பொண்ணு பண்ணுன தப்புதானே சங்கரசுப்பு?”ன்னு கேக்காரு. ஆமான்னு ஒரு தலையாட்டு. அவ்வளவுதான். அதைக் கூட வாயைத் திறந்து சொல்ல வேண்டாம்.

இவிய எந்திரிச்சு நின்னிருக்காவ. “இல்ல சார். அந்தப் பொண்ணு எங்கிட்ட கேட்டுட்டுத்தான் மாத்துனா. சரி மாத்துன்னு சொன்னது நான். எடுத்த காப்பியைத் திருப்பி எடுத்துப் பாக்க வேண்டியதும் நான்தான். ஒரு தடவை கூட பாக்கல”ன்னு சொல்லிருக்காவ. எல்லார் முன்னாலயும். கோமதிநாயகம் வந்து சொல்லுதாரு, “மதினி, எனக்குத் தலையைக் குனிஞ்சிக்கிட வேண்டியதாப் போச்சு”ன்னு. எங்க தங்கச்சி அதைக் கேட்டுட்டுப் பக்கத்துல நிக்கா. அவ மாமியார் கட்டில்ல உக்காந்து கேக்கா. நான் எந்தச் சுவத்தைப் பாக்க?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நடந்ததைச் சொன்னேன்.”

“அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன சொந்தமா?”

“சொந்தம் இல்ல. அவ தனக்கு மேல இருக்க ஆளு சொன்னபடி செஞ்சா. நான்தான் அந்த ஆளு.”

ஆஸ்பத்திரியில வேலையை விட்டு எடுக்கல. எடுத்தா மிச்ச மிஷினை யாரு பாக்கது? ஆனா தலைமைப் பதவி போச்சு, ரூம் போச்சு. நேத்து வந்த ஒருத்தருக்குக் கீழ உக்காரச் சொல்லிட்டாவ. நான் வீட்டுல ஜாக்கெட் தைக்கேன்க்கா, நல்லா ஓடும். எதிர் தெருவுல இருந்து ஒரு பொண்ணு, அவ அம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரியிலதான் வைத்தியம், அந்த அம்மா படமும் போயிட்டு. தைக்கக் குடுத்த துணியைத் திருப்பிக் கேட்டு வந்தா. அளவு எடுத்து வெட்டக் கூட இல்ல. “இருக்கட்டும், வேற இடத்துல குடுத்துக்கிடுதேன்”னா. ஒரு வார்த்தை திட்டல. திட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இந்த மனுசன் அதோட விட்டாவளா? ஸ்கேன் எடுத்தப்ப ஒவ்வொருத்தருக்கும் ஒரு சிடி போட்டுக் குடுத்திருக்காவல்லா, அது அவங்கவங்க வீட்டுல கிடக்கும்லா, அதை எல்லாம் வாங்கித் திருப்பி ஏத்திரலாம்னு கண்டுபிடிச்சாவ. ஆஸ்பத்திரியில இருந்து போன் போட்டுக் கொண்டு வரச் சொன்னாவ. யாரு கொண்டு வருவா? நோயாளி வீட்டுல அதுக்கா நேரம். அதனால லீவு போட்டு இவியளே கெளம்பிட்டாவ. யாரும் போகச் சொல்லல. “ஒங்களை அனுப்புனது யாரு?”ன்னு கேட்டா பையைத் தூக்கித் தோள்ல போடுவாவ.

நாங்குநேரிப் பக்கம் ஒரு வீட்டுல சிடியைக் கிளி வராம இருக்கக் கொய்யா மரத்துல கட்டித் தொங்க விட்டிருக்கான். வெயில்லயும் மழையிலயும் கெடந்தது. இவிய மரத்துல ஏறி அவுத்திருக்காவ. சட்டை கிழிஞ்சு போச்சு. கைக்குட்டையை நனைச்சுத் துடைச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ப் போட்டுப் பாத்து, அங்க இருந்து எனக்குப் போன்: “படம் வந்துட்டுட்டி! முழுசா வந்துட்டு!” குழந்தை பொறந்த மாதிரி சொல்லுதாவ. நான் போனை வச்சிட்டேன். தெருவுல அந்தக் கிழிஞ்ச சட்டையோட நடந்து வருவாவளே, யாரெல்லாம் பாப்பாவளோன்னுதான் எனக்கு ஓடுச்சு.

சில வீட்டுல திட்டுவாவளாம். ஒரு வீட்டுல ஆளே போய்ச் சேந்தாச்சு, சிடியைக் குடுத்துட்டு அழுதாவளாம். எல்லா வீட்டுலயும் இவிய முதல்ல ஒண்ணு சொல்லுவாவ: “தொலைச்சது நான்தான்மா.” ஏன்க்கா, ‘ஆஸ்பத்திரியில இருந்து வாரேன்’னு சொன்னாப் போதாதா?

நேத்துல இருந்து அவியளுக்குக் காய்ச்சல். அனலாக் கொதிக்குது. காலையில பாத்தா சட்டையை மாட்டிட்டு நிக்காவ. கோவில்பட்டியில கெங்கம்மாள்னு ஒரு அம்மா, நாளைக்கு டாக்டரைப் பாக்கணுமாம், அதுக்குள்ள படம் வேணுமாம், வாரேன்னு போன்ல வாக்குக் குடுத்தாச்சாம். நடக்கவே தள்ளாடுது. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. “உக்காருங்க. நான் போறேன்”னு பையை எடுத்துட்டேன். பாசம்னு நெனைக்காதீங்க. பஸ்ஸுல விழுந்து கிழுந்து வச்சா அந்தப் பேரும் எனக்குத்தானே.

போனேன். தீப்பெட்டி ஆபீஸ் இருக்க தெருவுல வீடு. வாசல்ல அந்த அம்மா வீட்டுக்காரரு வெங்கடசாமின்னு, ஆளு வாட்டசாட்டமா இருந்தாரு. ஆஸ்பத்திரின்னு சொன்னதும் பிடிச்சுக்கிட்டாரு. “அந்தக் கம்ப்யூட்டர்காரன் வரலையா? தொலைக்கத் தெரிஞ்சவனுக்கு வந்து மூஞ்சியைக் காட்டத் தெரியலையா? சம்பளம் வாங்குதான்ல? எம் பொண்டாட்டி உசுரு அவனுக்கு விளையாட்டாப் போச்சா?” தெருவுல ரெண்டு பேரு நின்னு பாக்காவ. கடைசியா என்னையப் பாத்து, “ஏம்மா, நீ அவனுக்கு என்ன வேணும்?”னு கேட்டாரு.

நான் சொன்னேன்... “நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்கேன். வேற செக்‌ஷன். அவரை எனக்கு அவ்வளவாத் தெரியாது.”

அப்படியே சொன்னேன்க்கா. யோசிக்கல, திக்கல. தண்ணி மாதிரி வந்துச்சு.

உள்ள இருந்து அந்த அம்மா, “அவளை எதுக்குச் சத்தம் போடுதீங்க, உள்ள வரச் சொல்லுங்க”ன்னாவ. போனேன். கட்டில்ல படுத்திருக்காவ, தலையில துணி சுத்திருக்கு. உடம்புல எலும்புதான் மிச்சம். தலைமாட்டுலயே சிடியை எடுத்து வச்சிருந்தாவ. உறையில அவங்க பேரு எழுதி, பத்திரமா. குடுத்துட்டு என் கையை விடல.

“அந்தத் தம்பி போன்ல பேசுச்சு தாயி. ‘தொலைச்சது நான்தான்மா’ன்னுச்சு. இத்தனை வருசமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையுதேன், எங்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல. எல்லாம் என் விதின்னுதான் சொல்லுவாங்க. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன்”னாவ. அப்புறம் கேட்டாவ, “அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

ஆயிட்டுன்னேன்.

“அந்தப் பொண்ணு பாவம். ஊரு பேசுறதை எல்லாம் அதுதானே கேட்டுட்டு இருக்கும். நீ அதைப் பாத்தா சொல்லு. எனக்கு அவ புருசன் மேல வருத்தம் இல்லன்னு கெங்கம்மா சொன்னான்னு சொல்லு. சொல்லுவியா?”

சரிம்மா, சொல்லுதேன்னு சொன்னேன்.

சொல்லிட்டு வந்து இந்த பஸ்ஸுல உக்காந்திருக்கேன். இவ்வளவு நேரமா உங்ககிட்ட அவியளைப் பத்தியே பேசிட்டு வந்துட்டேன், பாத்தீங்களா. அவியளால எனக்கு அசிங்கம், அவியளால எனக்கு அசிங்கம்னு. அந்த அம்மா சாகக் கெடக்காவ, என் கையைப் பிடிச்சுக்கிட்டு எனக்கே சேதி சொல்லி அனுப்புதாவ, நான் யாரோ மாதிரி தலையாட்டிட்டு வந்திருக்கேன். அந்த ரெண்டு பேரு தெருவுல நின்னாவளே, அவங்க முன்னால மானம் போயிரக் கூடாதுன்னு. அவங்க யாருன்னு கூட எனக்குத் தெரியாது.

இல்லக்கா, அழல. கண்ணுல தூசி... சரி, அழுதேன். இருக்கட்டும்.

நான் யாருன்னு போன்லயே சொல்லிரவா? போன் நம்பர் இருக்கு. போன்ல சொல்லிட்டா அந்த அம்மா மூஞ்சியைப் பாக்க வேண்டாம்லா. அதனாலதான் போன்ல சொல்லக் கூடாது. எங்க வீட்டுக்காரரும் ஒவ்வொரு வீட்டுக்கும் நேர்ல போனது அதுக்காகத்தானோ என்னமோ. எனக்குத் தெரியல. நான் கேட்டதில்ல.

கண்டக்டர் தம்பி, கயத்தாறுல வண்டி ஊருக்குள்ள போகுமா? பைபாஸ்லயா? பரவாயில்ல, அங்கேயே இறக்கி விடுங்க. டிக்கெட்டு திருநெல்வேலிக்குத்தான், தெரியும். எதிர்ப்பக்கம் கோவில்பட்டி வண்டி நிக்கும்லா? போதும்.

நேரம் இருக்குக்கா. இப்பத்தான் மத்தியானம். திரும்பி வந்து சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரியில குடுத்திருவேன். வெங்கடசாமி இன்னொரு வாட்டி சத்தம் போடுவாரு. போடட்டும். ‘அப்பவே ஏன் சொல்லல’ன்னு அந்த அம்மா கேப்பாவ, அதுக்குத்தான் பயமா இருக்கு. என்ன சொல்லுவேன்னா? தெரியல. “எம் பேரு உலகம்மை. நான் சங்கரசுப்பு பொண்டாட்டி”ன்னு ஆரம்பிக்கணும். அந்தத் தெருவுல நின்னு, வெளிய கேக்க மாதிரி. அதுக்கு மேல வாயில வரது வரட்டும்.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கிடுங்கக்கா. இறங்கிக்கிடுதேன்.